மடக்கு ரேக் ஏன் ஆடுகிறது, ஏன் சாய்கிறது?

உதகையில் சேரிங் கிராஸிலிருந்து தாவரவியல் பூங்காவை நோக்கி நடப்பவர்கள், ஸ்வெட்டரும் ஜெர்கினும் சால்வையும் மங்கி குல்லாவும் தொங்கும் ரேக்குகளைக் கடந்துதான் போக வேண்டியிருக்கும். கடைகள் பெரும்பாலும் குறுகலானவை. ஆகவே காலையில் ஷட்டர் ஏறியதும் ரேக் வாசலுக்கு வந்து விரிகிறது. இரவில் மடங்கிச் சுவரோரம் ஒரு சாண் இடத்தில் ஒடுங்கிக்கொள்கிறது. மழை சொல்லாமல் இறங்கும் நாட்களில் இந்த விரிப்பும் மடக்கலும் ஒரே நாளில் மூன்று நான்கு முறைகூட நடக்கும்.

இப்படிப்பட்ட ரேக்கைச் செய்யக் கொடுக்கும்போது நடக்கும் பேச்சு மிகச் சுருக்கமானது. "அண்ணா, மடக்குற மாதிரி, நல்லா ஸ்ட்ராங்கா பண்ணிக் கொடுங்க" என்பார் கடைக்காரர். "பதினாறு கேஜ் பைப் போட்டுடலாம், யானை ஏறினாலும் தாங்கும்" என்பார் வெல்டர். இருவருக்கும் திருப்தி. ரேக் வந்த சில வாரங்களில் அது கையால் தொட்டாலே ஆடுகிறது என்றோ, நடுக்கம்பி தொங்கிவிட்டது என்றோ, சரிவில் நிற்க மறுக்கிறது என்றோ முறையீடு தொடங்கும். வெல்டர் பொய் சொல்லவில்லை. பைப் உண்மையிலேயே தடிமனானதுதான். "ஸ்ட்ராங்" என்று கடைக்காரர் சொன்னபோது அவர் மனத்தில் இருந்தது ஒன்று, கேட்டவர் புரிந்துகொண்டது வேறொன்று.

ஒரு சொல்லுக்குள் நான்கு குறைகள்

துணி காயப் போடும் கொடி அறுவதில்லை. ஆனால் ஈரத்துணி ஏற ஏற நடுவில் தொங்குகிறது. பழைய மர நாற்காலி ஒன்றின் கால்கள் உறுதியாகவே இருக்கும். உட்கார்ந்தால் மட்டும் இடமும் வலமும் ஆடும். அடி குறுகிய பித்தளைக் குடத்தைக் கல்லால் அடித்தாலும் உடையாது. தரை சற்றுச் சாய்ந்திருந்தால் உருண்டுவிடும். மடக்கு ரேக்கில் நேரும் குறைகளும் இவ்வாறே தனித்தனியானவை. முறிதல் என்பது பொருள் உடைந்துபோவது. தொய்தல் என்பது உடையாமல் வளைந்து தொங்குவது. ஆடுதல் என்பது இணைப்புகளில் உள்ள இளக்கத்தால் சட்டம் முழுவதும் அசைவது. சாய்தல் என்பது எல்லாம் நல்ல நிலையில் இருந்தும் மொத்தமாகக் கவிழ்வது.

தடிமனான பைப் இவற்றில் முதலாவதை மட்டுமே நன்றாகத் தடுக்கும். துணிக்கடை ரேக்கில் மிக அரிதாக நேர்வதும் அந்த முதலாவதுதான் என்பது இதிலுள்ள வேடிக்கை.

இதை நான் கடைகளுக்கு ரேக் வரைந்து கொடுக்கத் தொடங்கிய புதிதில் குன்னூரில் ஒரு கடை வாசலில் கற்றுக்கொண்டேன். சுற்றுலா வந்த ஒருவர் ஜெர்கினின் விலைச் சீட்டைப் பார்ப்பதற்காக அதன் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். ஜெர்கினோடு ரேக்கும் அவர்மேல் வந்தது. யாருக்கும் அடியில்லை. நிமிர்த்திப் பார்த்தபோது ரேக்கில் ஒரு வெல்டுகூட விடவில்லை, ஒரு பைப்கூட வளையவில்லை. பட்டறையின் வேலை பழுதற்றது. பிழை முழுவதும் என் வரைபடத்தில் இருந்தது.

நான்கு ஈர்க்குச்சிகள்

மடங்கும் பொருள் எதையும் புரிந்துகொள்ள ஒரு சிறிய சோதனை போதும். துடைப்பத்திலிருந்து நான்கு ஈர்க்குச்சிகளைச் சம நீளத்தில் ஒடித்து, முனைகளை நூலால் கட்டிச் சதுரமாக்குங்கள். மேல் குச்சியை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் சதுரம் சரிந்து, சாய்ந்த கட்டமாகி, கடைசியில் தட்டையாகப் படுத்துவிடும். ஒரு குச்சியும் முறிந்திருக்காது. இப்போது மூன்று குச்சிகளை மட்டும் அவ்வாறே கட்டிப் பாருங்கள். முடிச்சுகள் இறுக்கமாக இருக்கும்வரை முக்கோணம் எந்தப் பக்கம் தள்ளினாலும் உருக்குலையாது. அதன் வடிவம் மாற வேண்டுமென்றால் ஒரு குச்சி நீள வேண்டும் அல்லது முறிய வேண்டும்.

ஒரு சட்டம் தன் உறுப்புகள் எதுவும் வளையாமல், நீளாமல் எத்தனை விதமாக உருமாற முடியுமோ, அத்தனை "அசைவு வழிகள்" அதற்கு உண்டு என்று சொல்லலாம். குச்சிச் சதுரத்துக்கு ஓர் அசைவு வழி உண்டு; முக்கோணத்துக்கு ஒன்றும் இல்லை. மடக்கு ரேக்கை வடிவமைப்பவரின் வேலை இதிலிருந்து தெளிவாகும்: மடக்கும்போது ரேக்குக்கு ஒரே ஓர் அசைவு வழி இருக்க வேண்டும், விரித்த பிறகு அதுவும் அடைபட வேண்டும். மடக்கும்போது இரண்டு மூன்று அசைவு வழிகள் இருந்தால், பழைய கொசுவலைச் சட்டத்தைப் போலக் கால் ஒருபக்கமும் கை ஒருபக்கமும் போகும்; ஒருவரால் மடக்க முடியாது. விரித்த பிறகும் ஒரு வழி திறந்திருந்தால் அந்த வழியாகத்தான் ரேக் ஆடும்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. ரேக்குக்கு இரண்டு திசைகள் இருக்கின்றன: கம்பி ஓடும் நெடுக்குத் திசை, வாடிக்கையாளர் நிற்கும் குறுக்குத் திசை. ஏணியைப் போல முன்னும் பின்னும் கால் விரியும் ரேக்கைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முக்கோணம் தெரியும். பார்த்ததும் உறுதியானது என்று தோன்றும். அதையே முன்னாலிருந்து பாருங்கள். மேலே ஒரு கம்பி, இருபுறமும் கால்கள், கீழே ஒரு குறுக்குக் கம்பி: அதே ஈர்க்குச்சிச் சதுரம். குறுக்கே தள்ளினால் அசையாத ரேக் நெடுக்கே தள்ளினால் ஏன் தள்ளாடுகிறது என்பதற்கு இதுதான் விடை.

இதற்குத் தீர்வு எளிது. ஏணி வடிவ ரேக்கில் மடங்குவது முன்முகத்துக்கும் பின்முகத்துக்கும் இடையிலுள்ள கோணம் மட்டுமே. பின்முகம் தனக்குள் மடங்குவதே இல்லை. எனவே மூலைவிட்டமாக ஒரு பட்டையை அந்தப் பின்முகத்தில் நிரந்தரமாக வெல்டு செய்துவிடலாம். மடக்குவதற்கு அது கொஞ்சமும் இடையூறாகாது, சதுரம் இரண்டு முக்கோணங்களாகிவிடும். துணியின் ஓரம் பட்டையில் உரசும் என்று தயங்கினால், மூலைகளில் மட்டும் முக்கோணத் தகடுகளை வைக்கலாம். அது மூலைவிட்டப் பட்டை அளவுக்கு விறைப்பைத் தராது. ஆனால் ஒன்றும் இல்லாததைவிடப் பன்மடங்கு மேல்.

சுருக்கமாக: சதுரம் மடங்கும், முக்கோணம் மடங்காது. மடங்க வேண்டிய முகத்தில் சதுரத்தையும் மடங்கத் தேவையில்லாத முகத்தில் முக்கோணத்தையும் வைக்க வேண்டும்.

சிக்குப்பலகையும் சங்கிலியும்

ஏட்டையும் புத்தகத்தையும் விரித்துவைத்துப் படிக்க நம் வீடுகளில் சிக்குப்பலகை இருந்தது. இரண்டு பலகைகள் ஒன்றையொன்று ஊடுருவி, பெருக்கல் குறிபோல விரிந்து நிற்கும். அதே பெருக்கல் குறிதான் துணி இருக்கை கொண்ட மடக்கு ஸ்டூலிலும், பலவகை ரேக்குகளிலும் இருக்கிறது. இந்த வடிவத்தின் மேல் பாரம் ஏறினால் கால்கள் அகன்று தரையில் படுக்கப் பார்க்கும். சிக்குப்பலகையில் மரத்தின் செதுக்கே ஓரளவுக்கு மேல் விரியவிடாமல் தடுக்கிறது. மடக்கு ஸ்டூலில் நாம் உட்காரும் துணியே இரு முனைகளையும் இழுத்துப் பிடிக்கிறது. அந்தத் துணியைக் கழற்றிவிட்டால் ஸ்டூல் தரையோடு தரையாகிவிடும்.

இப்படி இழுத்துப் பிடிக்கும்போது ஓர் உறுப்பில் ஏற்படும் விசைக்கு இழுவிசை என்று பெயர். இரு முனைகளிலிருந்தும் நெருக்கும்போது ஏற்படுவது அமுக்கவிசை. கயிறும் சங்கிலியும் துணியும் இழுவிசையைத் தாங்கும். அமுக்கவிசை வந்தால் துவண்டுவிடும். பட்டையும் பைப்பும் இரண்டையும் தாங்கும்.

இது தெரிந்ததும், ரேக்கின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே சங்கிலி கட்டித் தருவது பாதித் தீர்வு மட்டுமே என்பது விளங்கும். துணி தொங்கும் நேரத்தில் கால்கள் அகலப் பார்க்கும், சங்கிலி இழுத்துப் பிடிக்கும், ரேக் நிற்கும். மாலையில் கடைப்பையன் துணியோடு ரேக்கை உள்ளே இழுக்கும்போது முன்கால் ஒரு கல்லில் தட்டினால் என்ன ஆகும்? இப்போது கால்கள் உள்நோக்கி வருகின்றன. சங்கிலி துவள்கிறது. ரேக் அவன் முழங்காலின்மேல் மடங்குகிறது. சங்கிலி மிகையாக விரிவதைத் தடுக்கும். தானாக மடங்குவதைத் தடுக்காது.

நெடுநேரம் நின்றுகொண்டிருப்பவர்கள் தம்மையறியாமல் முழங்காலை முழுவதும் நேராக்கி, சற்றே பின்னுக்குத் தள்ளி நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த நிலையில் தசைக்கு அதிக வேலையில்லை. உடலின் எடையே முழங்காலைப் பின்னோக்கி அழுத்திப் பூட்டிவைக்கிறது. முழங்கால் ஓர் அங்குலம் முன்னோக்கி வளைந்திருந்தாலோ, அதே எடை அதை மேலும் மடக்கப் பார்க்கும், தொடை வலிக்கும். ரேக்கின் இரு கால்களுக்கும் நடுவே சங்கிலிக்குப் பதிலாக இரண்டு பட்டைகளை நடுவில் கீல் வைத்து இணைத்தால் அது ஒரு முழங்கால்தான். அந்த நடுக்கீல் நேர்க்கோட்டை எட்டியதோடு நில்லாமல், 5 முதல் 10 மி.மீ. வரை கீழே கடந்துபோய் ஒரு தடுப்பில் உட்காரும்படி செய்துவிட்டால், கால்களை உள்நோக்கித் தள்ளுகிற விசை பட்டையை மேலும் தடுப்பின்மேல் அழுத்துமே தவிர மடக்காது. இதை மையம் கடந்த பூட்டு என்று சொல்வோம். மடக்க வேண்டுமென்றால் நடுக்கீலைக் கையால் மேலே தூக்க வேண்டும். அது ஒருவர் வேண்டுமென்றே செய்கிற செயல்.

அந்தக் கீல் மேல்நோக்கி அல்லாமல் கீழ்நோக்கிக் கடக்கும்படி அமைக்க வேண்டும் என்பதை வரைபடத்தில் எழுதிக் கொடுக்காமல் விட்டால், பட்டறையில் இரண்டில் ஒன்று நடக்கலாம். கீழ்நோக்கி இருந்தால் பட்டையின் சொந்த எடையே பூட்டைப் பூட்டிவைக்கும். மேல்நோக்கி இருந்தால் ஒவ்வொரு குலுக்கலும் அதைத் திறக்கப் பார்க்கும்.

விரல் நசுங்குவதும் இந்தப் பட்டைகளுக்கு நடுவில்தான். குழந்தைகள் துணிகளுக்கு இடையே புகுந்து விளையாடும் கடைகளில், பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று கத்தரிபோல மூடாமல் இடையே விரல் தடிமனைவிட அதிக இடைவெளி இருக்கும்படி செய்துவிடுவது என் வழக்கம்.

கம்பி ஏன் தொங்குகிறது

தொய்வைப் பற்றி எண்களோடு பேசுவது நல்லது. ஏனென்றால் "கேஜ்" என்ற சொல் இங்கேதான் மிகவும் குழப்புகிறது. பைப்பின் சுவர்த் தடிமனைக் குறிக்கும் எண் அது. எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 18 கேஜ் என்பது ஏறத்தாழ 1.2 மி.மீ., 16 கேஜ் ஏறத்தாழ 1.6 மி.மீ.

நான்கு அடி நீளக் கம்பி ஒன்றில் 20 கனத்த ஜெர்கின்கள் தொங்குவதாகக் கொள்வோம். ஹேங்கரோடு சேர்த்து ஒன்று 1.2 கிலோ என்றால் மொத்தம் 24 கிலோ. கம்பி 25 மி.மீ. விட்டமுள்ள 18 கேஜ் இரும்பு உருளைப் பைப் என்றால் அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 4 மி.மீ. தாழும். கண்ணுக்கு அது தெரியாது. கடைக்காரர் ஆசைப்பட்டு அதே பைப்பில் ஆறு அடி ரேக் கேட்கிறார். அதே நெருக்கத்தில் துணி மாட்டினால் 36 கிலோ. இப்போது தொய்வு ஏறத்தாழ 21 மி.மீ. நீளம் ஒன்றரை மடங்கு, தொய்வு ஐந்து மடங்கு. கம்பி நிறையத் துணி இருக்கும்போது, நீளம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அந்த எண்ணை நான்கு தடவை எழுதிப் பெருக்கிய அளவுக்கு (1.5 × 1.5 × 1.5 × 1.5, ஏறத்தாழ 5) தொய்வு கூடும் என்பதுதான் காரணம். முறிவதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆனாலும் ஹேங்கர்கள் எல்லாம் நடுவில் வந்து குவியும், பார்ப்பவர்களுக்கு ரேக் களைத்துப்போனது போலத் தோன்றும்.

இதற்கு மருந்தாக வழக்கமாகச் சொல்லப்படுவது 16 கேஜ். கணக்குப் போட்டால் 21 மி.மீ. தொய்வு 16 அல்லது 17 மி.மீ. ஆகக் குறைகிறது, பைப்பின் எடையோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அதற்குப் பதிலாக 18 கேஜையே வைத்துக்கொண்டு விட்டத்தை 38 மி.மீ., அதாவது ஒன்றரை அங்குலம், ஆக்கினால் தொய்வு 6 மி.மீ.க்குள் வந்துவிடும், எடை ஒன்றரை மடங்கு ஆகும். பள்ளிக்கூட ஸ்கேலைத் தட்டையாகப் பிடித்து வளைத்தால் வளைகிறது, நிமிர்த்திப் பிடித்து வளைத்தால் வளைவதில்லை. ஸ்கேல் மாறவில்லை. வளையும் உறுப்பின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் பொருள் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது வளைவை எதிர்க்கும். சுவரைத் தடிமனாக்கும்போது இரும்பை உட்பக்கம் சேர்க்கிறோம்; விட்டத்தைப் பெருக்கும்போது வெளியே தள்ளுகிறோம்.

ஒன்றரை அங்குலப் பைப்பில் சிலவகை ஹேங்கர்களின் கொக்கி ஏறாது. ஆகவே வாங்கும் முன் ஒரு ஹேங்கரைக் கையோடு எடுத்துச் சென்று மாட்டிப் பார்ப்பது நல்லது. நடுவில் ஒரு தாங்குகால் கொடுத்தாலும் தொய்வு மறைந்துவிடும். என்னைக் கேட்டால், மலைக்கடைக்கு ஆறு அடி ரேக்கே வேண்டாம். மூன்று அடி ரேக் இரண்டு போதும். தொய்வுக் கவலை தீர்ந்துவிடும், படிக்கட்டில் ஒருவராகவே தூக்கிப் போகலாம்.

அரை மில்லிமீட்டரின் சேட்டை

ஆட்டம் பெரும்பாலும் துளைகளில் பிறக்கிறது. 8 மி.மீ. போல்ட்டுக்கு 8.5 மி.மீ. துளை போட்டால் வேலை சுலபம். போல்ட் தட்டாமல் நுழையும். ஆனால் மடங்கும் காலை 3 செ.மீ. நீளமுள்ள ஒரு பிடிப்பு மட்டுமே தாங்குகிறது என்றால், அந்த 3 செ.மீ.யில் அரை மில்லிமீட்டர் இளக்கம், 150 செ.மீ. உயரத்தில் இருக்கும் கம்பியில் 50 மடங்காகப் பெருகும்: இரண்டரை சென்டிமீட்டர். வாடிக்கையாளர் ஒரு துணியை எடுத்ததும் ரேக் முழுவதும் தலையாட்டுவது இதனால்தான். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் இது தீராது. இறுக்கினால் மடங்காது, மடங்கும் அளவுக்குத் தளர்த்தினால் ஆடும்.

பிடிப்பின் நீளத்தை 10 செ.மீ. ஆக்கினால் அதே இளக்கம் மேலே முக்கால் சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. துளைக்குள் ஒரு நைலான் புஷ், அதாவது போல்ட்டைச் சுற்றி இறுக்கமாக உட்காரும் சிறு குழாய், போட்டு, இரு தகடுகளுக்கு இடையே வாஷரும், போல்ட்டின் முனையில் தானாகக் கழலாத நைலாக் நட்டும் வைத்தால் ஆட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது. ஆனால் கேட்டால் ஒழிய யாரும் போட்டுத் தருவதில்லை.

தரையும் ஒரு காரணம். மூன்று கால்கள் எந்த மேடுபள்ளத்திலும் ஆடாமல் உட்காரும். முக்காலியின் சிறப்பு அது. நான்கு கால்களில் எப்போதும் ஒன்று தரையைத் தேடிக்கொண்டிருக்கும். நான்கில் ஒரு காலின் அடியில் மட்டும் திருகினால் நீளும் போல்ட் வைத்தால் போதும்.

சரிவில் நிற்பது

நீலகிரிக்கே உரிய சிக்கல் இதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயில் பாதையின் மிகச் செங்குத்தான சரிவு 12க்கு 1, அதாவது 12 அடி போவதற்குள் 1 அடி ஏறும். அதற்காகவே கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவே பல்வரிசை போட்டிருக்கிறார்கள். நம் கடைத்தெருக்களில் அந்த அளவுக்குச் சாய்ந்த வாசல்கள் இருக்கின்றன. அங்கே பல்வரிசை ஏதும் இல்லாமல் ரேக் நிற்க வேண்டும்.

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். அந்தப் புள்ளியே ஈர்ப்பு மையம். அதிலிருந்து ஒரு தூக்குக் குண்டைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் பயன்படுத்தும் அதே தூக்குக் குண்டுதான். குண்டு கால்களுக்கு நடுவே விழும்வரை ரேக் நிற்கும். கால்களுக்கு வெளியே விழுந்தால் ரேக்கும் விழும். துணி மேலே தொங்குவதால் ரேக்கின் ஈர்ப்பு மையம் உயரத்தில் இருக்கிறது, வயிற்றில் காற்றும் தலையில் கனமுமாக.

குன்னூரில் விழுந்த என் ரேக்கின் அளவுகளையே எடுத்துக்கொள்வோம். துணியோடு எடை 32 கிலோ; ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 100 செ.மீ.; முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே 45 செ.மீ. சமதரையில் தூக்குக் குண்டு நட்டநடுவே, இரு கால்களிலிருந்தும் 22.5 செ.மீ. தள்ளி விழும். 140 செ.மீ. உயரத்தில் யாராவது பிடித்து இழுத்தால், அதைக் கவிழ்க்க ஏறத்தாழ 5 கிலோ இழுப்பு வேண்டும். 12க்கு 1 சரிவில் வைத்தால் குண்டு 8.3 செ.மீ. கீழ்ப்பக்கம் நகர்ந்துவிடும், மீதமிருப்பது 14.2 செ.மீ. இப்போது 3 கிலோவுக்குச் சற்றே கூடுதலான இழுப்பு போதும். ஒரு முரட்டு ஜெர்கினின் கையைப் பிடித்து இழுக்கிறவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

காலகலத்தை, அதாவது முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையிலுள்ள தூரத்தை, 60 செ.மீ. ஆக்கினால் அதே சரிவில் மறுபடியும் 5 கிலோ வந்துவிடும். நடைபாதையில் அவ்வளவு இடம் எடுத்துக்கொள்வது முறையல்ல என்றால், கால்களுக்கு இடையே கீழ்க்கம்பியில் 10 கிலோ மணல் மூட்டை ஒன்றை வைக்கலாம். எடை கூடுவதோடு ஈர்ப்பு மையமும் இறங்குவதால் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும். மடக்கும்போது மூட்டையைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் தொல்லை. கீழ்ப்பக்கக் கால்களை நீட்டிச் சமமாக்குவது எல்லாவற்றிலும் சிறந்தது: 45 செ.மீ. அகலத்துக்கு 12க்கு 1 சரிவில் ஏறத்தாழ 4 செ.மீ. நீட்டினால் போதும், திருகுகாலே அதைத் தரும்.

ரேக்கைத் திருப்பி, நெடுக்குத் திசை சரிவோடு போகும்படி வைத்தால் சாயும் அபாயம் பெரிதும் குறையும். அந்தத் திசையில் கால்களுக்கு இடையே 120 செ.மீ. இருக்கிறது. ஆனால் வழவழப்பான கம்பியில் ஹேங்கர்கள் ஒவ்வொரு தொடுதலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, மதியத்துக்குள் கீழ்முனையில் குவிந்துவிடும். சாணுக்கு ஒரு ரப்பர் வளையம் மாட்டினால் அந்த நகர்வு நிற்கும்.

காற்றையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஹேங்கரில் மாட்டிய துணிகள் வாசலுக்குத் தம் விளிம்பைக் காட்டி நிற்பதால் எதிர்க்காற்று இடையே புகுந்து போய்விடும். சால்வைகளை அவ்வாறு மாட்டுவதில்லை. வேலைப்பாடு தெரிய வேண்டும் என்று கம்பியின்மேல் அகலமாக விரித்துப் போடுகிறோம். அப்போது அது ரேக் அல்ல, பாய்மரம். சால்வை ரேக்குக்கு அடி அகலம் கூடுதலாக வேண்டும், அல்லது அது சுவரோடு ஒரு கொக்கியில் மாட்டப்பட்டிருக்க வேண்டும்.

இந்தப் பகுதியின் சாரம் இதுதான்: சாய்வைத் தீர்மானிப்பவை பைப்பின் தடிமனல்ல, காலகலம், ஈர்ப்பு மையத்தின் உயரம், தரையின் சரிவு, மொத்த எடை ஆகியவையே.

ஈரம் செய்யும் வேலை

மேற்கே கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும், கிழக்கே குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் பொழிய, இடைப்பட்ட நாட்களில் பனிமூட்டம் இறங்க, இம்மலையில் இரும்பு உலர்ந்திருக்கும் நாட்கள் குறைவு. பவுடர் கோட்டிங் நல்லதுதான். ஆனால் மடங்கும் இணைப்புகளில் உலோகம் உலோகத்தோடு உரசி அது முதலில் உரிவதும் அங்கேதான். நைலான் வாஷர் ஆட்டத்துக்கு மட்டுமல்லாமல் துருவுக்கும் மருந்தாவது இப்படி. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை வாங்கி வெல்டு செய்தால், வெல்டு பட்ட இடத்தில் பூச்சு எரிந்துபோகும். அங்கே துத்தநாக பெயிண்ட் அடிக்க வேண்டும். பைப்பின் உட்பக்கத்திலும் ஈரம் படியும். ஆகவே முனைகளை மூடினால் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை விடுவது அவசியம். இல்லையென்றால் துரு உள்ளிருந்து தின்று, ஒருநாள் வெள்ளை ஸ்வெட்டரின் தோளில் பழுப்புக் கோடாக வெளிப்படும்.

அசல் கம்பளி, கைக்கு ஈரமாகவே தோன்றாமல், தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொள்ளும். அக்ரிலிக் ஸ்வெட்டர் அப்படி வாங்காது. கம்பளிச் சால்வை விற்பவர்கள் பாரத்தைக் கணக்கிடும்போது இதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்

பட்டறையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் உண்டு. 25 கிலோ அரிசி மூட்டையைப் பிரித்து நான்கைந்து பைகளில் போட்டுக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு, இரு முனைகளுக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டினால், நூலுக்கும் கம்பிக்கும் நடுவில் தெரியும் இடைவெளியே தொய்வு. பைகளை இறக்காமல் ரேக்கின் மேல்முனையை நெடுக்கே தள்ளிவிட்டு, எத்தனை தடவை ஆடி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு பைகளோடு ஒரு காலை உதைத்து உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டும். மையம் கடந்த பூட்டு சரியாக இருந்தால் ரேக் நகருமே ஒழிய மடங்காது.

சாய்வுச் சோதனையைப் பட்டறையில் செய்து பயனில்லை. அங்கே தரை மட்டமாக இருக்கும். பயணப் பையை நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை வாங்கிக்கொண்டு, ரேக்கைக் கடை வாசலில் அது நிற்கப்போகும் இடத்திலேயே துணியோடு நிறுத்தி, கம்பியில் கொக்கியை மாட்டிச் சரிவின் கீழ்ப்பக்கமாக மெல்ல இழுங்கள். மறுபக்கம் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்கட்டும். மேல்பக்கக் கால் தரையிலிருந்து எழும் நொடியில் தராசு காட்டும் எண்ணைப் பாருங்கள். அது 5 கிலோவுக்குக் குறைந்தால் நான் அந்த ரேக்கை வாசலில் வைக்கமாட்டேன். கடைக்கு உள்ளே, சுவரோரமாக வைப்பேன்.